குளிரை அறிவோம், இருளை அறியோம்

இங்கிலாந்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பெட்டியில் முதன்முதலாக எடுத்து வைப்பது கம்பளிச் சட்டையே. அத்தேசத்தின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் குளிர் என்னும் எண்ணமே நம்மவர் உள்ளத்தில் முந்திக்கொண்டு எழுகின்றது. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் புறப்படுவோர் அவ்வாறு அஞ்சுவது இயல்பு. கொத்மலையிலும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பிறந்து வளர்ந்தோருக்கு அவ்வச்சம் அத்துணை வேண்டுவதில்லை. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் விடியற்காலையில் அங்குள்ள புல்வெளிகளிலும் உருளைக்கிழங்குப் பாத்திகளிலும் உறைபனி வெண்மையாகப் படிந்து கிடப்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், தலையில் கம்பளியும் இடுப்பில் படங்கும் சுற்றிக்கொண்டு, நனைந்த கொழுந்தைக் கிள்ளும் தாய்மாரின் விரல்கள் விறைத்துப்போவதையும் நாம் அறிவோம். இலண்டன் மாநகரின் ஒக்டோபர் மாதச் சராசரி 12 பாகை அளவில் நிற்கின்றது என்று சொன்னால், மலையகத்தார் அதனைக் கேட்டு நடுங்கப்போவதில்லை.

கொத்மலையில் பிறந்து இன்று இலண்டன் நகரின் புறத்தே குடியிருக்கும் நாம், நமது மலைகளிலிருந்து இங்கு வரும் இளைஞர்களை ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் கண்டு வருகிறோம். குளிரை அவர்கள் எளிதில் தாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் எதிர்பாராத வேறொன்று மெல்ல மெல்ல வந்து அவர்களைச் சூழ்ந்துகொள்கின்றது. அதுதான் இருள். பெட்டியில் எதனை வைத்து அனுப்பினாலும் அதற்கு மாற்று ஆகாது. பிள்ளைகளை அனுப்பியிருக்கும் குடும்பத்தாரும், புறப்படக் காத்திருக்கும் மாணாக்கரும் அதனைப் பற்றிச் சிறிது முன்னதாகவே அறிந்திருத்தல் நன்று என்று கருதி, இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

பகல் தேயும் கணக்கு

கொத்மலை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் அமைந்துள்ளது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அங்கே முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான வேறுபாடே உண்டு. ஆறு மணியை ஒட்டி விடியும். ஆறு மணியை ஒட்டி இருளும். பிரட்டுக்களத்துக்குப் போகும் தாயும் பாடசாலைக்குப் போகும் பிள்ளையும் கடிகாரத்தைப் பாராமலே, மலைமுகட்டில் படும் வெளிச்சத்தைக் கண்டு நேரத்தைச் சொல்லிவிடுவார்கள். பகல் என்பது நாளும் ஒரே அளவில் நமக்குக் கிடைக்கும் படி அரிசியைப் போன்றது. அது குறையும் என்று நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை.

இலண்டனோ வடக்கே 51 பாகைக்கும் அப்பால் இருக்கின்றது. பூமி தன் அச்சில் ஏறக்குறைய 23½ பாகை சாய்ந்தபடி சூரியனைச் சுற்றி வருவதால், துருவத்தை நெருங்க நெருங்கக் கோடைப் பகல் நீளும். மாரிப் பகல் குறுகும். ஜூன் 21 ஆம் திகதியளவில் இலண்டனில் பகல் பதினாறரை மணித்தியாலத்துக்கும் மேற்பட்டது. டிசெம்பர் 21 ஆம் திகதியளவில் அது எட்டு மணித்தியாலத்துக்கும் குறைந்துவிடுகின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே, செப்டெம்பர் 22 அல்லது 23 ஆம் திகதியில் பகலும் இரவும் சமமாகின்றன. சமமான பின்னர் தேய்வு விரைவாகத் தெரியத் தொடங்கும். அந்நாட்களில் ஒவ்வொரு நாளும் பகலிலிருந்து ஏறக்குறைய நான்கு நிமிஷங்கள் கழிந்துபோகின்றன. ஒரு வாரத்தில் அரை மணித்தியாலம். ஒரு மாதத்தில் இரண்டு மணித்தியாலம்.

மாணாக்கர் இங்கு வந்து இறங்குவது பெரும்பாலும் செப்டெம்பர் மாதத்தில்தான். பல்கலைக்கழகங்கள் அம்மாதக் கடைசியிலோ ஒக்டோபர் தொடக்கத்திலோ வகுப்புகளை ஆரம்பிக்கின்றன. அப்பொழுது வெயில் இதமாக இருக்கும். பூங்காக்களில் புல் பசுமை மாறாதிருக்கும். 'இவ்விடம் நம் நுவரெலியாவைப் போலவே இருக்கின்றது' என்று வீட்டுக்குச் சொல்லி மகிழ்வார்கள். ஆறு வாரங்கள் கழியட்டும். நவம்பர் முதல் வாரத்தில் மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பிற்பகல் வகுப்பு முடிந்து வெளியே வருபவன் தெருவிளக்கின் கீழ்தான் நடக்கவேண்டும். டிசெம்பரில் நாலு மணிக்கு முன்பே அந்தி வந்துவிடும். நம் ஊரில் ஆலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் நேரத்தில், இங்கே நள்ளிரவு போன்ற தோற்றம் நிலவும்.

மரம் தானே செய்துகொள்ளும் கவ்வாத்து

இலையுதிர் காலம் என்னும் தொடரைப் பாடப் புத்தகத்தில் படித்த நமக்கு, அதன் பொருள் இங்கு வந்த பின்னர்தான் விளங்குகின்றது. தேயிலைச் செடி ஆண்டு முழுவதும் பசுமை மாறாதது. தோட்டத்து நிழல் மரமாகிய முள்முருக்கு இலை உதிர்ப்பதுண்டு. ஆயினும் ஒரு மலை முழுவதும் மொட்டையாக நிற்கும் காட்சியை நாம் காண்பது கவ்வாத்துக் காலத்தில் மட்டுமே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, கூரிய கத்தியால் செடியை வெட்டிக் குச்சியாக நிறுத்தும் அந்த வேலையைப் புதியவர் ஒருவர் பார்த்தால், 'செடியைக் கொன்றுவிட்டார்களே!' என்றுதான் பதறுவார். அனுபவமுள்ள தொழிலாளி சிரித்துக்கொள்வார். அடுத்த துளிருக்காகவே அந்த வெட்டு என்பதை அவர் அறிவார்.

இங்குள்ள ஓக், பீச், மேப்பிள், செஸ்நட் மரங்கள் தமக்குத் தாமே கவ்வாத்துச் செய்துகொள்கின்றன என்று சொல்லலாம். பகல் குறையத் தொடங்கியதும் மரத்துக்கு அதுவே முதல் அறிவிப்பாகின்றது. குளிரும் துணைசேர, இலையிலுள்ள பச்சையம் சிதைகின்றது. அதன் சத்தை மரம் தன் உடலுக்குள் இழுத்துக்கொள்கின்றது. பச்சை விலகியதும், அதுகாறும் மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படும். சில மரங்களில் புதிதாகச் செந்நிறப் பொருளும் உண்டாகும். அதே வேளையில் இலைக்காம்பின் அடியில் மெல்லிய தடுப்புப் படலம் ஒன்று வளர்கின்றது. அது முற்றியதும், சிறு காற்றுக்கும் இலை கழன்று விழுகின்றது. வெளிச்சமும் சூடும் குன்றிய மாதங்களில் இலையை வைத்துக் காப்பது மரத்துக்கு வரவை மிஞ்சிய செலவு. ஆகவே அது கணக்கை முடித்துக்கொள்கின்றது.

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிர் காலம், இங்கிலாந்தின் இலையுதிர் காலத்தின் பிற்பகுதியோடு ஒத்து வருகின்றது. தொல்காப்பியர் மலைநிலமாகிய குறிஞ்சிக்குக் கூதிரையும் யாமத்தையும் பொழுதுகளாக வகுத்தார் என்பதை இலக்கியம் பயிலும் மாணாக்கர் அறிவர். மலையையும் குளிரையும் நள்ளிரவையும் ஒன்றாக இணைத்து, அவற்றுக்கு உரிய ஒழுக்கமாகப் புணர்தலை, அதாவது கூடியிருத்தலை வைத்தார். இருளும் குளிரும் சேர்ந்து வரும்போது மனிதன் தனித்திருத்தல் ஆகாது என்று அந்த இலக்கணத்துக்கு நாம் பொருள் கொண்டால், அது இழுக்காகாது என்றே எண்ணுகிறோம்.

மனத்தில் இறங்கும் மாலை

மரம் இலையை உதிர்த்துவிட்டு உறங்கலாம். மனிதன் அவ்வாறு செய்ய இயலாது. படிப்பும் தொழிலும் நடந்தாகவேண்டும். ஆனால் உடம்போ வெளிச்சத்தின் அளவை அறிந்தே உறக்கத்தையும் ஊக்கத்தையும் நடத்திக்கொள்கின்றது.

இதனை மருத்துவ நூலில் இடம்பெறச் செய்தவர் ஒருவர், தாமே புலம்பெயர்ந்தவர் என்பது கவனிக்கத்தக்கது. நோர்மன் ரோசந்தால் என்னும் மனநோய் மருத்துவர் வெயில் மிகுந்த தென்னாபிரிக்காவில் பிறந்து வளர்ந்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறியவர். அங்கே குளிர்கால மாதங்களில் தம் ஊக்கம் குன்றுவதையும், வசந்தம் வந்ததும் அது மீள்வதையும் அவர் கண்டார். அவரும் அவருடைய சகாக்களும் 1984 ஆம் ஆண்டில், பருவத்தோடு வந்து பருவத்தோடு நீங்கும் மனச்சோர்வை ஒரு தனி நோயாக விவரித்து எழுதினர். மிகுந்த உறக்கம், மாப்பண்டங்களிலும் இனிப்பிலும் அடங்காத விருப்பம், மனிதரைச் சந்திக்க மனமின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை அதன் அடையாளங்கள்.

இந்த அடையாளங்களை மறுபடியும் ஒருமுறை வாசியுங்கள். நம் குடும்பங்களில் இவற்றுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம். 'பையன் சோம்பேறியாகிவிட்டான்' என்கிறோம். 'வெளிநாடு போனதும் மாறிவிட்டான்' என்கிறோம். பகல் முழுவதும் வகுப்பு, அல்லது இரவு முழுவதும் களஞ்சியசாலையில் வேலை, பகலில் திரையை இழுத்துவிட்டு உறக்கம் என்று வாழும் மாணாக்கர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் எழும்போது மாலை நாலு மணி. அன்றைய வெளிச்சம் வந்து போய்விட்டது. மறுநாளும் அப்படியே. இவ்வாறு ஒரு வாரம் சூரியனைக் காணாது கழிப்பது இங்கு அரிய செய்தி அன்று. தாய் தொலைபேசியில் கேட்கும்போது 'நலம்' என்றுதான் சொல்லுவார். கடன் பட்டு அனுப்பிய தாயிடம் வேறு என்ன சொல்லுவார்?

எல்லோருக்கும் இது நோயாக முற்றுவதில்லை. முற்றாதிருக்கச் செய்யத்தக்கவை எளியவை. பகலில், அதிலும் முற்பகலில், அரை மணித்தியாலமாவது வெளியே நடத்தல் முதலாவது. மேகம் மூடிய நாளிலும் வெளி வெளிச்சம் அறைக்குள் எரியும் விளக்கைக் காட்டிலும் பல மடங்கு மிகுந்தது. இரண்டாவது, இந்நாட்டின் சுகாதார அதிகாரிகள் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி உட்கொள்வதைப் பற்றி யாவரும் சிந்திக்குமாறு கூறுகின்றனர். தெற்காசியரைப் போன்ற கருமை நிறத் தோலினர் ஆண்டு முழுவதுமே அதனைக் கருதவேண்டும் என்கின்றனர். கடைகளில் அது மலிவாகவே கிடைக்கின்றது. மூன்றாவது, வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே வசிக்கும் பகுதியிலுள்ள வைத்தியரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுதல். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் அவரிடம் சொல்வதற்கு வெட்கப்படவேண்டியதில்லை. காய்ச்சலுக்கு மருந்து கேட்பவன் வெட்கப்படுகிறானா?

திருப்பித் தரப்படும் ஒரு மணி

ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு, இங்கிலாந்தின் கடிகாரங்கள் யாவும் ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளப்படுகின்றன. வில்லியம் வில்லெற் என்னும் கட்டட ஒப்பந்தக்காரர், கோடைக் காலையின் வெளிச்சம் மக்கள் உறங்குகையில் வீணாகின்றதே என்று 1907 இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் 1915 இல் காலமானார். மறு ஆண்டிலேயே, முதலாம் உலகப் போரின் எரிபொருள் நெருக்கடியால், அவர் கோரிய மாற்றம் சட்டமாயிற்று. அன்று முதல் கோடையில் கடிகாரம் முன்னே போவதும், இலையுதிர் காலத்தில் பின்னே வருவதும் இந்நாட்டின் வழக்கம்.

இலங்கை வாசகருக்கும் இது முற்றிலும் புதிதன்று. வரட்சியால் நீர்மின் உற்பத்தி குன்றிய 1996 ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் நாட்டுக் கடிகாரமும் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலமும், 2006 ஏப்ரலில் எஞ்சிய அரை மணித்தியாலமும் திருப்பப்பட்டன. 'புதிய நேரமா, பழைய நேரமா?' என்று தோட்டங்களில் கேட்டுக்கொண்டதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

இங்கிலாந்தில் அந்த ஞாயிறன்று ஒரு மணி கூடுதலாக உறங்கலாம் என்று யாவரும் மகிழ்கின்றனர். புலம்பெயர்ந்தோர் வீட்டிலோ அந்த மணி வேறோர் இடத்திலிருந்து கழிக்கப்படுகின்றது. கோடையில் இலண்டனுக்கும் கொத்மலைக்கும் இடையே நாலரை மணித்தியால வேறுபாடு. கடிகாரம் பின்னே வந்ததும் அது ஐந்தரையாகின்றது. மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வரும் மகன் தொலைபேசியை எடுக்கும்போது, கோடையில் கொத்மலையில் இரவு பத்தரை. தாய் விழித்திருந்து காத்திருப்பாள். குளிர்காலத்திலோ அது பதினொன்றரை. விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு மலைக்குச் செல்லவேண்டியவள் எவ்வளவு நேரம் காத்திருப்பாள்? 'தூங்கியிருப்பார்கள், எழுப்புவானேன்' என்று மகன் நினைக்கிறான். 'வேலை மிகுதி போலும்' என்று தாய் நினைக்கிறாள். ஒருவர்மேல் ஒருவர் வைத்த இரக்கமே இருவரையும் பேசாதிருக்கச் செய்கின்றது. இருள் மிகுந்து, ஒரு குரல் மிகவும் வேண்டியிருக்கும் மாதங்களில் பேச்சு இவ்வாறு அருகிவிடுகின்றது.

இதற்குப் பரிகாரம் உண்டு. பேசும் நேரத்தை மாலையிலிருந்து காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே காலை ஏழு மணி, அங்கே நண்பகல் பன்னிரண்டரை. மலையிலிருந்து இறங்கிச் சோறுண்ணும் வேளை. மகனுக்கும் விடிந்த கையோடு ஒரு குரல் கேட்கும். கடிகாரம் மாறும் வாரத்திலேயே இரு வீட்டாரும் இதனை ஒப்பந்தமாகச் செய்துகொள்வது நல்லது.

ஒரே அடுப்பைச் சுற்றி

லயத்தில் குளிர் மிகுந்த இரவுகளில் நாம் என்ன செய்தோம்? கவ்வாத்து மிலாறை அடுப்பில் திணித்து, அதனைச் சுற்றி யாவரும் உட்கார்ந்தோம். பாட்டி கதை சொன்னாள். பிள்ளைகள் பாடம் படித்தார்கள். ஈரத் துணியும் அங்கேயே காய்ந்தது. புகை கண்ணைக் கரித்தது உண்மைதான். லயத்து வாழ்வின் நெருக்கடியை நாம் புகழ்ந்து பேச வரவில்லை. ஆயினும், வெப்பம் ஓரிடத்தில் இருந்ததால் மனிதரும் ஓரிடத்தில் இருந்தனர்.

இங்குள்ள வீடுகளில் வெந்நீர் குழாய்களின் வழியே ஓடி, அறைக்கு அறை வெப்பம் தருகின்றது. அறைக்கு அறை வெப்பம் வந்ததும், அறைக்கு ஒருவராக நாமும் பிரிந்துவிடுகின்றோம். தந்தை ஓரறையில், தாய் ஓரறையில், பிள்ளைகள் தத்தம் அறையில். ஐப்பசி மாதத்து மாலை நான்கு பேருக்கும் நான்கு இருட்டாகப் பங்கிடப்படுகின்றது. எரிபொருள் விலை ஏறிய 2022 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பல குடும்பங்கள் ஓரறையை மட்டும் சூடாக்கி, அதிலேயே உண்டு, படித்து, பேசிப் பொழுதைக் கழித்தன. சிக்கனத்துக்காகக் கொண்ட அவ்வழக்கத்தை நட்பிற்காகவும் தொடரலாம் என்பது நம் கருத்து. மாணாக்கர் நால்வர் ஒரு வீட்டில் குடியிருந்தால், இரவுச் சாப்பாட்டையாவது ஒன்றாக உண்ணும் விதி ஒன்றை வகுத்துக்கொள்ளட்டும்.

வீட்டு வேலைகளில் இரண்டொரு எச்சரிக்கைகளும் சொல்லவேண்டும். சாளரங்களை இறுக மூடிய அறையில் ஈரத் துணியை உலர்த்தினால் சுவரில் கரும்பூஞ்சணம் பிடிக்கும். நாளுக்குச் சில நிமிஷமாவது சாளரத்தைத் திறந்து வையுங்கள். கடுகும் செத்தல் மிளகாயும் தாளிக்கும்போது புகையை அறிந்து அலறும் கருவி ஒன்று கூரையில் இருப்பதை மறவாதீர்கள். அது அலறுகின்றதென்று கழற்றி வைத்துவிடவும் வேண்டாம்.

தேநீரைப் பற்றிச் சொல்லாவிட்டால் மலையகத்தார் நம்மை மன்னிக்கமாட்டார்கள். இங்கிலாந்தின் கடைகளில் அடுக்கிவைத்திருக்கும் தேயிலை யாவும் நம் மலையின் கொழுந்தென்று எண்ணி வருபவர் ஏமாறுவர். இன்று இந்நாட்டுக்கு மிகுதியாகத் தேயிலை அனுப்புவது கென்யா. இலண்டனில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவந்த தேயிலை ஏலமும் 1998 ஜூன் மாதத்தோடு நின்றுபோயிற்று. இலங்கைத் தேயிலை என்று பொறித்த பெட்டியைத் தேடித்தான் வாங்கவேண்டும். மாலை நாலு மணி இருட்டில், பாலில்லாத வெறுந்தேநீரை இஞ்சி தட்டிப் போட்டு அருந்தும்போது, அதன் சாயத்தில் ஒரு மலை தெரியும்.

அன்று அவர்கள், இன்று நாம்

ஒரு காலத்தில் இந்தப் பிரயாணம் எதிர்த் திசையில் நடந்தது. சாமுவேல் பேக்கர் 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் ஆங்கிலக் குடியேற்றம் ஒன்றை நிறுவ முனைந்தார். பின்வந்த துரைமார் புகைபோக்கியும் கணப்பும் வைத்த பங்களாக்களைக் கட்டினர். ரோஜாவையும் கோவாவையும் பயிரிட்டனர். குளிரை அவர்களால் அங்கே காணமுடிந்தது. இலையுதிர் காலத்தை மட்டும் கொண்டுவர இயலவில்லை. லூல்கந்துரையில் 1867 இல் தேயிலையைத் தோட்டப் பயிராக்கிய ஜேம்ஸ் டெயிலர், இளைஞராக 1852 இல் வந்து, 1892 இல் இறக்கும்வரை தம் தாய்நாடாகிய ஸ்கொத்லாந்துக்குத் திரும்பவே இல்லை. புகழ்பெற்ற புகைப்படக் கலைஞராகிய ஜூலியா மார்கரட் கமரன் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்தில் உறங்குகிறார். அவர்களுக்கு ஊர் நினைவு வராமலா இருந்திருக்கும்? ஆயினும் அவர்களுக்குக் கடிதம் எழுதக் கல்வி இருந்தது. கப்பலேறக் காசு இருந்தது. சேர்ந்திருக்க மன்றங்கள் இருந்தன.

அவர்களுடைய தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்த நம் மூதாதையருக்கு இம்மூன்றும் இல்லை. சுதந்திரம் வந்த 1948 ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. நாடில்லாதவருக்குக் கடவுச்சீட்டு ஏது? ஆகையால்தான் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி, ஹரோ முதலிய பகுதிகளில் தமிழ்க் கடைகளும் கோயில்களும் பெருகிய பின்னரும், அங்கே மலையகத்தார் அருகியே காணப்படுகின்றனர். யாழ்ப்பாணத்து இளைஞனுக்குப் பல வேளைகளில் ஒரு மாமனோ சித்தப்பாவோ முன்னரே இங்கிருப்பார். புசல்லாவையிலிருந்தோ இறம்பொடையிலிருந்தோ வருபவன் பெரும்பாலும் தன் பரம்பரையில் முதலாவதாக வருபவன். அவனுடைய இருள் மற்றவர் இருளைக் காட்டிலும் சற்று அடர்ந்தது. இங்கு நெடுநாள் வாழும் தமிழ்க் குடும்பங்கள் எந்த ஊராராயினும் இதனை நினைவிற்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை உணவுக்கு அத்தகைய பிள்ளையை அழைத்தால், அது பெரிய அறம்.

விளக்கேற்றும் மாதங்கள்

நம் பஞ்சாங்கத்தின் சிறப்பு ஒன்று இங்கு வந்த பின்னரே நமக்குப் புலப்பட்டது. தீபாவளி ஐப்பசியில் வருகின்றது. அதனைத் தொடர்ந்து கந்தசஷ்டி, அதன்பின் திருக்கார்த்திகை. இங்கிலாந்தில் வெளிச்சம் விரைந்து தேயும் அதே வாரங்களில் நம் விளக்குகள் வரிசையாக வருகின்றன. ஆங்கிலேயரும் 1605 ஆம் ஆண்டின் வெடிமருந்துச் சதி முறியடிக்கப்பட்டதை நினைந்து நவம்பர் 5 ஆம் திகதி தீ மூட்டி வாணவேடிக்கை செய்கின்றனர். அவர்கள் வாணமும் நம் வாணமும் சில ஆண்டுகளில் ஒரே வாரத்தில் இலண்டன் வானில் எழும். லெஸ்டர் நகரின் பெல்கிரேவ் வீதியில் தீபாவளி விளக்குகளைக் காணப் பல்லாயிரவர் திரள்கின்றனர். ஹைகேற் முருகன் கோயிலிலும் விம்பிள்டன் கணபதி கோயிலிலும் வேலைநாள் மாலையில்கூட நம்மவர் வந்து நிற்கின்றனர். பக்தி அவர்களை அழைத்து வருகின்றது. விளக்கொளியும் தமிழ்ப் பேச்சும் அவர்களைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கின்றன.

மாணாக்கருக்கு ஒரு சொல். எந்த மதத்தினராயினும், இம்மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை மனிதர் கூடும் ஓரிடத்துக்குச் சென்று வருவதை ஒழுக்கமாகக் கொள்ளுங்கள். கோயிலோ, தேவாலயமோ, நூல்நிலையமோ, பந்தாட்ட மைதானமோ, அது உங்கள் விருப்பம். டிசெம்பர் 21 கடந்ததும் பகல் மறுபடி வளரத் தொடங்கும். முதலில் தெரியாது, பெப்ரவரியில் நன்றாகத் தெரியும். கவ்வாத்து வெட்டிய செடி துளிர்க்கும்வரை காத்திருக்கத் தெரிந்த பரம்பரை நம்முடையது. அதுவரை ஒருவரையொருவர் கைவிடாதிருந்தால் போதும்.

ஊரிலுள்ள பெற்றோருக்கும் ஒரு சொல். நீங்கள் பிள்ளையிடம் முதலில் கேட்பது, "சாப்பிட்டியா, ராசா?" என்பதே. அதனைக் கேளுங்கள், கேட்காமல் விடாதீர்கள். ஒக்டோபர் முதல் மார்ச் வரையில் அதனோடு இன்னொன்றும் சேர்த்துக் கேளுங்கள்: "இன்னைக்கு வெளியில போனியா? வெயிலக் கண்டியா? யாரோட பேசினே?" பிள்ளை சிறிது தயங்கி விடை சொன்னால், அன்று இன்னும் பத்து நிமிஷம் அதிகமாகப் பேசுங்கள்.